திராட்சைப் பெட்டிக்கு ஒரு தாள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிடுவேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு கோப்பு மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தது. நாங்கள் கண்டுபிடித்த ஒரு தாளுக்குக் காப்புரிமை கேட்கும் விண்ணப்பம் அதற்குள் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்துக்காக அது கிடந்தது. அந்தக் கையெழுத்தை நம்பி நான் வேலையை விட்டிருந்தேன்.

தாள் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திராட்சைப் பெட்டிக்குள் பழத்தின் மேல் விரிக்கிற பழுப்புத் தாள்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை குமுளி வழியாக மலை ஏறிக் கேரளத்துக் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் காம்பு காய்ந்து பழம் உதிர ஆரம்பித்துவிடும். மழைக்காலமென்றால் பூஞ்சணம் வேறு. பெட்டியைத் திறக்கிற வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கி உலுக்கிப் பார்ப்பார். பழம் விழ விழ விலையும் விழும். இந்தப் பக்கம் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்குகளில் உடைந்த காயும் தோலும் மூட்டை மூட்டையாகக் கழியும். அதிலிருந்து கிடைக்கிற சொற்ப எண்ணெயைக் கஞ்சியில் கலந்து தாளில் பூசிப் பெட்டிக்குள் விரித்தால் பூஞ்சணம் பிடிப்பதில்லை, காம்பும் பச்சையாக நிற்கிறது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து முடிக்கச் சில வருஷங்கள் போயின. எண்ணெய் கூடினால் திராட்சையில் ஏலக்காய் மணம் ஏறியது, குறைந்தால் பூஞ்சணம் வந்தது. நடுவே ஓர் அளவைப் பிடிப்பதற்குள் ஆய்வகத்தில் எல்லோரும் திராட்சை தின்றே அலுத்துப்போனார்கள்.

நாங்கள் என்றால் நானும் இன்னொருவரும். ஆய்வுப் பட்டத்துக்கு இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தோம். அவருக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எங்கள் விவசாயக் கல்லூரியிலேயே நிரந்தர வேலை கிடைத்தது. எனக்கு அதே ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. வெளியாட்கள் முன்னால் அவரை சார் என்பேன், உள்ளே நீங்க வாங்கதான். சின்னமனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் அவருடையது. ஒரு சோதனை கெட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், முகம் சுளிக்காமல். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

நான் தேனி கடைவீதிக்காரி. அப்பாவுக்கு அட்டைப்பெட்டி வியாபாரம். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், வடக்கேயிருந்து என்பார். வடக்கே என்றால் திண்டுக்கல்லா டில்லியா என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. ஒருவர் கேட்பதும் மற்றவர் மழுப்புவதும் கடைவீதியில் வணக்கம் சொல்வது மாதிரி. அதற்காக யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதில்லை.

தாள் நன்றாக வந்ததும், இதை நாமே ஒரு தொழிலாகச் செய்யலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது எனக்கு ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகத்திலும் அதற்கு வழி இருந்தது. காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும், அதைப் பயன்படுத்தும் உரிமையை எங்கள் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். என் கூட்டாளி கல்லூரி வேலையில் இருந்துகொண்டே ஆலோசகராக இருப்பார். நான் முழுநேரமும் இறங்குவது என்று ஏற்பாடு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகு வாருங்கள், முதலீடு பேசலாம் என்றது. நான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியே வந்தேன். பழனிசெட்டிபட்டியில் அப்பா பெட்டி அடுக்கி வைத்திருந்த கிடங்கில் பாதியைக் காலி செய்து வாங்கிக்கொண்டேன். இது போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை. திரும்பிப் போக ஆய்வகத்தில் என் நாற்காலிகூட இல்லை, அதில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். கல்லூரிகளில் எதையாவது கண்டுபிடித்துவிட்டு அதை எப்படி விற்பது என்று தெரியாமல் முழிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கான பயிற்சி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் குறை சொல்லும் மென்பொருளோடு ஒரு பையன் வந்திருந்தான். பல்லடைக்கும் பசையோடு ஒரு பல் டாக்டர். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டும் பட்டையோடு ஒரு வேதியியல் பேராசிரியை. பயிற்சி கொடுத்தவர் எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்டார். நீங்கள் செய்வதை நாளைக்கே இன்னொருவன் செய்யாமல் தடுப்பது எது?

மென்பொருள்காரன், அவன் செய்வதற்குள் நான் அடுத்ததுக்குப் போய்விடுவேன் என்றான். பல் டாக்டர் சிரித்தார். இதற்கு அனுமதி வாங்க நான் ஏறுகிற மலையை அவனும் ஏறித்தானே ஆக வேண்டும் என்றார். வேதியியல் பேராசிரியை அமைதியாக, என் பட்டையைப் பிரித்து மேய்ந்தாலும் எப்படிச் செய்தேன் என்று கண்டுபிடிக்க முடியாது, செய்முறை என் தலைக்குள் இருக்கிறது என்றார். என் முறை வந்தது. எங்கள் தாளை யாரும் வீட்டு அடுப்பில் செய்துவிடலாம். காப்புரிமை ஒன்றுதான் தடுக்கும் என்றேன். அப்படியானால் விண்ணப்பம் போய்ச் சேரும்வரை வெளியே ஒரு வார்த்தை பேசாதீர்கள், பொதுவில் சொல்லிவிட்ட விஷயத்துக்குக் காப்புரிமை கிடையாது என்றார் அவர். தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது கடைவீதியில் பிறந்தவளுக்குச் சுலபம். ஆனால் விவசாயக் கல்லூரியில் அது யாருக்கும் பழக்கமில்லாத காரியம். எங்கள் தொழிலே வாயைத் திறப்பதுதான். புது ரகம் வந்தாலும் புது மருந்து வந்தாலும் ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்குத்தான் சம்பளம்.

விண்ணப்பத்தில் ஒரு விவரம் குறைந்தது. நிஜமான லாரியில், நிஜமான மலைப்பாதையில் தாள் எப்படித் தாங்குகிறது என்று காட்ட வேண்டும். கம்பத்துக்குத் தெற்கே திராட்சைப் பந்தல் வைத்திருந்த ஒரு விவசாயி சம்மதித்தார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சிலும் நடையிலும் நிதானம். ஓர் அறுப்பு முழுக்க அவருடைய பெட்டிகளுக்கு நாங்கள் பூசிய தாளைக் கொடுத்தோம். இது வெளியே தெரியக் கூடாது ஐயா என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். நான் யாருக்கிட்ட ஆத்தா சொல்லப் போறேன் என்றார். சொல்லவும் இல்லை. அது கடைசிவரைக்கும் உண்மை. ஆனால் அந்த ஊரில் நாலு தோட்டத்துப் பெட்டி ஒரே வண்டியில் ஏறும். வியாபாரி தோட்டத்துக்கு ஒரு பெட்டியைத் திறந்து உலுக்கிப் பார்க்கிறபோது, இவர் கொத்து மட்டும் உதிராமல் தொங்கினதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என்ன ஏது என்று குடைந்திருக்கிறார்கள். கேட்டவர்களிடமெல்லாம், காலேஜ்காரக சொல்லுவாக, பொறுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நான் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். கோப்பு குழுவிடம் இருக்கிறது, குழு கூடவில்லை. குழு கூடும் நாளில் ஒருவர் விடுப்பு. அவர் வந்தபோது இன்னொருவருக்கு மாற்றல். கிடங்கில் தாள் அடுக்க அலமாரி அடித்து வைத்திருந்தேன். காலியாக நின்ற அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கூட்டாளியைக் கேட்டால், வந்துரும்ங்க என்பார். அந்த 'ங்க'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு நடுவே கல்லூரியில் உழவர் தினம் வந்தது. வருஷா வருஷம் நடப்பது. பந்தல் போட்டு, ஒவ்வொரு துறையும் ஒரு மேஜை போட்டுப் புதிதாக என்ன செய்தோம் என்று காட்டும். நாங்கள் தாளை ஒளித்துவிட்டுத் திராட்சை ஜாம் வைத்தோம். ஜாம் எங்கள் துறையில் ஆதிகாலத்துச் சமாசாரம், அதையே புதுப் பாட்டிலில் அடைத்து வைத்தோம். வேலையில் இல்லாவிட்டாலும் நான் அன்று உதவிக்குப் போயிருந்தேன். என் கூட்டாளி மேடையில் மற்ற பேராசிரியர்களோடு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கேள்வி நேரம். அந்த ஒரு மணி நேரம் மைக் விவசாயிகளின் சொத்து. யார் வேண்டுமானாலும் எழுந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மேடையில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. தெரியாவிட்டால், அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று ஊரைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள். கல்லூரிக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும் இருந்தது.

மைக் நடுவரிசைக்குப் போனது. அங்கே எழுந்து நின்றது எங்கள் கம்பத்து விவசாயி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"போன அறுப்புக்கு எம் பெட்டிக்கு ஒரு தாளு குடுத்தீக சார். காம்பு காயல, பழம் உதிரல. கேரளாக்காரக மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிட்டுப் போனாக. நான் யாருக்கிட்டயும் மூச்சு விடல. இப்ப நம்ம சனம் பூராவும் இங்கன இருக்கு. அது எப்படிச் செய்யறதுன்னு நீங்களே ஒங்க வாயால சொல்லிருங்க."

கூட்டம் கைதட்டியது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, பேரை எங்களுக்கே வாங்கிக் கொடுத்துவிட்ட திருப்தி. நான் ஜாம் மேஜைக்குப் பின்னாலிருந்து கையைக் குறுக்கே ஆட்டினேன். மேடையிலிருந்தவர் என்னைப் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, கஞ்சி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எத்தனை பூச்சு, எப்படி உலர்த்துவது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, எழுதிக்கொள்ள வசதியாக. முன்வரிசையில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது பள்ளத்தாக்கில் இருந்த திராட்சைக் குழுக்கள் எல்லாவற்றிலும் வாட்ஸப்பில் சுற்றியது. எனக்கே பல பேர் அனுப்பி, உங்க காலேஜ்தானே என்று கேட்டார்கள்.

காப்புரிமை வக்கீல் சென்னையிலிருந்து போனில், வீடியோ வேறு இருக்கிறதா, அப்படியானால் விட்டுவிடுங்கள் அம்மா என்றார். கோயம்புத்தூர்க் கம்பெனி மரியாதையாக விலகிக்கொண்டது. என் கூட்டாளியைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மேடையில உக்காந்துக்கிட்டு, ஒரு விவசாயிகிட்ட சொல்ல மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். "எங்கப்பாவும் அந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருந்தாக."

"என் பொழப்பு எங்க உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. நல்ல மனிதர் மேல் கோபப்படுவது பெரிய அவஸ்தை. திட்டினால் நமக்கே கேட்க நன்றாக இருக்காது. அவர் அயோக்கியராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஊரெல்லாம் தாள் செய்ய ஆரம்பித்தது. போடிக் கிடங்குகளில் சும்மா தள்ளிவிட்டுக்கொண்டிருந்த தோலுக்குத் திடீரென்று கிராக்கி. எண்ணெய் எடுக்க வசதி இல்லாதவர்கள் தோலை அப்படியே அவித்து, அந்தத் தண்ணீரில் செய்தித்தாளை முக்கி எடுத்தார்கள். வசதி இருந்தவர்கள் கொஞ்சம் கூடப் போட்டால் கூட நாள் தாங்கும் என்று தாராளமாகப் பூசினார்கள். மூடிய வண்டியில், மலை ஏறுகிற சூட்டில், மணம் மொத்தமும் பழத்தில் இறங்கியது. கோட்டயத்து வியாபாரி ஒருவர் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, இது முந்திரிங்ஙாவா பாயசமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். முந்திரிங்ஙா என்றால் அவர்களுக்குத் திராட்சை. கேட்டதும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் கொஞ்சம் விஷமும் இருந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு அடங்கி, ஒரு யோசனை என்னைக் குடைய ஆரம்பித்தது.

மதுரைப் பயிற்சியில் பார்த்த வேதியியல் பேராசிரியையின் பதில் ஞாபகம் வந்தது. செய்முறை என் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் போன் போட்டுப் பேசினேன். எங்கள் துறையில் காப்புரிமை போனால் நாங்கள் அழுதுகொண்டு உட்காருவதில்லை, தெரியாத ஒன்றை உள்ளே வைத்து அடுத்ததைச் செய்வோம் என்றார். கிடங்கின் பாதியில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பொய், நின்றேன். மணம் பழத்தில் இறங்காமல், காப்பது மட்டும் இறங்க வேண்டும். எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்ட பிறகு அது வந்தது. எத்தனை நாள் அடுக்கி வைத்தாலும் தாள் கெடாமலும் நின்றது. என்ன செய்தேன் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

அப்பா தன் அட்டைப்பெட்டிகளோடு சேர்த்தே தாளை விற்றுக் கொடுத்தார். முதலில் சின்னமனூர், உத்தமபாளையம், பிறகு கம்பம் வரை. முதலீடு என்று யாரும் வரவில்லை, பெரிய கம்பெனியும் ஆகவில்லை. வேறு இரண்டு பேரும் தாள் செய்கிறார்கள். அவர்கள் தாளில் இன்னமும் லேசாக மணம் இருக்கிறது. அந்த லேசான மணத்துக்கும் என் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் சோறு. யாராவது அதைக் கண்டுபிடித்துவிட்டால் என்ற பயம் காலையில் எழும்போதே என்னோடு எழுந்துவிடும்.

அடுத்த உழவர் தினத்துக்குக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள், மேடையில் உட்கார. நம் கல்லூரிக் கண்டுபிடிப்பிலிருந்து உருவான தொழில்முனைவோர் என்று அறிமுகம் செய்தார்கள். இந்தத் தடவை ஜாம் மேஜைக்குப் பின்னால் நின்றது என் பழைய கூட்டாளி. தலை நிமிராமல் பாட்டில்களை நேராக வைத்துக்கொண்டே இருந்தார். கேள்வி நேரம் வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்தவள் நான். அப்பாவின் 'வடக்கேயிருந்து' என்ற பதிலில் ஆரம்பித்து விதவிதமான மழுப்பல்கள் கைவசம் இருந்தன.

கம்பத்து விவசாயி எழுந்தார். இப்போது அவர் என் வாடிக்கையாளர். அதே நிதானம்.

"ஆத்தா, மத்தவுக தாளுல மணம் வருது, ஒந்தாளுல வரல. அது என்னா சூத்திரம்? சொன்னா எல்லாருக்கும் ஒதவும்."

கூட்டம் என்னைப் பார்த்தது. எங்கிருந்தோ செல்போன்கள் உயர்ந்தன. ஒத்திகை பார்த்த மழுப்பல் எதுவும் அந்த முகங்களுக்குப் பொருந்தவில்லை. மைக்கைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் போன வருஷம் இதே மேடையில் என் கூட்டாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. முன்வரிசைக்காரர்கள் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். சொல்லிவிட்டால் எனக்கும் கைதட்டுவார்கள் என்றுகூடத் தோன்றியது.

"அதைச் சொல்ல மாட்டேன் ஐயா" என்றேன். "அதை வச்சுத்தான் நான் பொழைக்கிறேன்."

மேடையில் பேராசிரியர்கள் அசைந்து உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. விவசாயி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அதுஞ் சரிதான். அப்ப மழக்காலத்துல தாளு தட்டுப்பாடு இல்லாமக் கெடைக்குமா, அதச் சொல்லு."

கிடைக்கும் என்றேன். அவர் உட்கார்ந்தார். மைக் பின்வரிசைக்குப் போனது, ஒருவர் தென்னையில் வெள்ளை ஈயைப் பற்றிக் கேட்டார். அவ்வளவுதான். செல்போன்கள் இறங்கின. ஒருவர்கூட என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பழம் விற்று, விலை பேசி, வியாபாரியிடம் தன் கணக்கை மறைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் என் பழைய கூட்டாளி மேடைப் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர். கையில் இன்னும் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. கூட்டம் என்னைக் கத்தி விரட்டியிருந்தால் அன்று அவர் செய்தது சரி என்று ஆகியிருக்கும். அதைத்தான் அவரும் எதிர்பார்த்திருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"இவ்வளவுதானாங்க?" என்று கேட்டார்.

அந்த வருஷம் முழுக்க அவருக்கென்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"இவ்வளவுதான்" என்றேன்.